தொண்ணூற்றொன்பது சதவீதம் நலம்

மூன்றாம் வார்டு சிஸ்டருக்கு வந்த மெமோவில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று: கணினித் திரை பன்னிரண்டு மில்லி என்று தெளிவாகக் காட்டியும், அதை மதிக்காமல் நோயாளிக்கு நான்கு மில்லி மருந்து மட்டும் கொடுத்தது. இரண்டு: கணினித் திரை பன்னிரண்டு என்று ஒருபோதும் காட்டாதபோது, காட்டியதாகப் பொய் சொன்னது. இரண்டுக்கும் தனித்தனியாக, ஏழு நாட்களுக்குள், இரண்டு பிரதிகளில் விளக்கம் தர வேண்டும்.

அவள் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள்.

"ஏங்க, முதல் குத்தத்தை ஒத்துக்கிட்டா ரெண்டாவது நடக்கல. ரெண்டாவதை ஒத்துக்கிட்டா முதல் குத்தமே கிடையாது. நான் எதுக்குப் பதில் எழுதறது?"

"ரெண்டுக்கும்தான் கேட்டிருக்காங்க" என்றான் அவன். அதே மருத்துவமனையில் கணினிகளைப் பழுது பார்ப்பவன் அவன். எந்த வார்டிலிருந்து போன் வந்தாலும் முதலில் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்வதால், அங்கே அவன் பெயரே ரீஸ்டார்ட் ஆகிவிட்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இதயக் கோளாறுடன் படுத்திருந்த ஒரு டிராயிங் மாஸ்டருக்குக் காலையில் நான்கு மில்லி மருந்தை அவளே கொடுத்திருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு அடுத்த வேளை மருந்துக்காகத் திரையைப் பார்த்தால் பன்னிரண்டு என்றிருந்தது. அவள் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைத் தேடிப் போனாள். டாக்டர் கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நாலுதான், யார் பன்னிரண்டு என்றது என்று அவர் கேட்டார். இருவரும் வந்து பார்த்தபோது கணினி உறைந்து நின்றிருந்தது. அணைத்துப் போட்டதும் நல்ல பிள்ளையாக நான்கு என்று காட்டியது.

டிராயிங் மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார். மெமோவில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மருத்துவமனை இரண்டு வருடங்களுக்கு முன் காகிதமில்லா மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதனால் மருந்தின் அளவு திரையில் மட்டும் தெரியும். யாரும் எழுதி வைப்பதில்லை. காகிதம் மெமோக்களுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

"மூணு மணிக்கா? அப்புறம் சிஸ்டம் ஹேங் ஆச்சா?" என்று அவன் மறுபடி கேட்டான். ஒரு துண்டுத் தாளில் ஏதோ கணக்குப் போட்டான். "நாலு பன்னிரண்டாச்சுன்னா எட்டு கூடியிருக்கு. இது ரேம்."

கணினி வேலை செய்யும்போது எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ளும் இடம் ரேம். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு மடங்கு இருக்கும் ஒரு பச்சைப் பட்டை. அதற்குள் கோடிக்கணக்கான குட்டி அறைகள். அதில் ஓர் அறையில் விளக்கு அணையாமல் ஒட்டிக்கொண்டுவிட்டால், அங்கே வந்து தங்கும் எண்ணில் எட்டு கூடிவிடும். இரண்டு பத்தாகும், நான்கு பன்னிரண்டாகும். எட்டு முதல் பதினைந்து வரை மாறாது, அவற்றில் அந்த விளக்கு ஏற்கெனவே எரிகிறது. இதையெல்லாம் அவன் சாப்பாட்டுத் தட்டில் பருக்கைகளை வைத்து விளக்கினான்.

"அப்ப எல்லாருக்கும் எட்டு மில்லியாவே எழுதச் சொல்லு டாக்டரை" என்றாள் அவன் அம்மா. மருமகளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயத்தை அவள் இப்படித்தான் காட்டுவாள்.

பயம் நியாயமானதுதான். விசாரணை முடியும்வரை சிஸ்டர் வார்டுக்குள் போகக் கூடாது. சலவைத் துணி மடிக்கும் அறையில் உட்கார வேண்டும். குற்றம் உறுதியானால் வேலை மட்டுமல்ல, நர்ஸ் என்ற பதிவும் ரத்தாகும். பதினாறு வருடமாக அவள் வேறு எதுவும் செய்ததில்லை.

அதுவரை மூன்றாம் வார்டில் அதே கணினி, அதே திரை, அதே மூன்று மணி.

மறுநாள் காலை அவன் ஸ்க்ரூ டிரைவருடன் வார்டுக்குப் போனான். கணினியில் இரண்டு ரேம் பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றி மற்றதைச் சோதித்து, பிறகு மாற்றிச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் மூடியின் மேல் ஸ்டோர் கீப்பரின் அரக்கு முத்திரை இருந்தது.

ஸ்டோர் கீப்பர் கெட்டவரில்லை. அவன் சொன்னதை முழுதாகக் கேட்டார், தேநீர் கொடுத்தார், விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பழுதானது என்று சான்றளிக்கப்பட்ட உறுப்பை மட்டுமே கழற்றலாம்.

"பழுதான்னு பாக்கத்தான் சார் கழட்டணும்."

"தாராளமா கழட்டுங்க தம்பி. பழுதுன்னு சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க."

"கழட்டாம சர்ட்டிபிகேட் எப்படி சார்?"

"அதான் எனக்கும் புரியல. பதினோரு வருஷமா யோசிக்கிறேன்" என்று அவர் புத்தகத்தை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, அங்கே மனு கொடுங்கள் என்றார்.

குழுவின் பெயர் நினைவகக் கூறுகள் நலக் குழு. அதன் தலைவர் தோல் டாக்டர். மருத்துவமனையிலேயே முதன்முதலில் சொந்தமாகக் கணினி வாங்கியவர் என்பதால் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறகு அந்தக் கணினி போய்விட்டது, பொறுப்பு போகவில்லை. குழு பதினோரு வருடங்களில் நாற்பத்தாறு புகார்களை விசாரித்து, ஒரு ரேம்கூடப் பழுதில்லை என்று நாற்பத்தாறு முறையும் கண்டுபிடித்திருந்தது. அதற்காகக் கிடைத்த கேடயம் கூட்ட அறையின் சுவரில் தொங்கியது.

குழு அவன் மனுவைப் பரிவுடன் ஏற்றது. கழற்றாமலே சோதிக்க ஒரு நிரல் உண்டு என்று அவனே எழுதியிருந்தான். அது ஒவ்வொரு அறையிலும் ஓர் எண்ணை எழுதிவைத்து, திரும்பப் படித்து, எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கும். முழுதாக முடிய ஒன்பது மணி நேரம் ஆகும். வார்டின் கணினியை ஒன்பது மணி நேரம் நிறுத்த முடியாது என்று குழு கருதியது. எனவே மதிய உணவு இடைவேளையில் தினமும் ஒரு மணி நேரம், ஒன்பது நாட்கள் சோதிக்க ஆணையிட்டது.

பாதியில் நிறுத்தினால் நிரல் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும் என்று அவன் எழுதிக் கொடுத்தான். அதைக் கோப்பில் சேர்த்தார்கள்.

முதல் நாள் ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு நிறுத்தினான். பதினோரு சதவீதம், பழுதில்லை. இரண்டாம் நாளும் அதே பதினோரு சதவீதம், அதே அறைகள், பழுதில்லை. மூன்றாம் நாள் சிஸ்டர் துணி மடிக்கும் அறையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்துடன் வந்து வார்டு வாசலில் நின்று, இன்றைக்காவது ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். வாசலைத் தாண்டி வர அவளுக்கு அனுமதியில்லை. அவன் இல்லை என்று தலையாட்டினான். இருவரும் வாசல்படியின் இரண்டு பக்கமும் நின்றபடி சாப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் குழு கூடியது. ஒன்பது நாள் தாள்களையும் வரிசையாக அடுக்கி, பதினொன்றை ஒன்பதால் பெருக்கி, ரேம் தொண்ணூற்றொன்பது சதவீதம் நலமாக இருக்கிறது என்று பதிவு செய்தது. மிச்சமிருக்கும் ஒரு சதவீதத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. மனிதர்களில்கூட யாரும் நூறு சதவீதம் கிடையாது என்று தலைவர் சொன்னதும் விவாதம் முடிந்தது.

அவன் எழுந்து, முதல் பதினோரு சதவீதத்தையே ஒன்பது முறை பார்த்திருக்கிறோம் என்றான்.

"ஒன்பது முறை பாத்தும் பழுதில்லன்னா அது இன்னும் உறுதியாச்சேப்பா" என்றார் தலைவர். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குக் கலக்கமாக இருந்தது.

ஆனாலும் நேர்மையான குழு என்பதால், தங்கள் முன்னிலையில் நேரடிச் சோதனை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஸ்டோர் கீப்பர் வந்து முத்திரையை உடைத்தார். இரண்டு பட்டைகளையும் வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்துக் கூட்ட அறைக்குக் கொண்டு போனார்கள். வழியில் நின்ற உறவினர்கள் சிலர், யாருக்கோ மாற்று உறுப்பு போகிறது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். கூட்ட அறையில் எல்லோரும் சால்வை போர்த்தியிருக்கும் அளவுக்குக் குளிர். அங்கிருந்த கணினியில் பட்டைகளைப் பொருத்தி அரை மணி நேரம் ஓட்டினார்கள். ஒரு பிழையும் வரவில்லை.

அவன் எதிர்பார்த்ததுதான். வார்டில் அந்தக் கணினி, கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் பெட்டியை ஒட்டி இருக்கிறது. மத்தியானத்தில் அதன் மேல் கை வைக்க முடியாது. பட்டை சூடானால்தான் அதற்குள் அந்தக் குட்டி அறையின் விளக்கு ஒட்டிக்கொள்கிறது. எனவே சோதனையை அங்கே, அந்தச் சூட்டில் செய்ய வேண்டும் என்று கேட்டான்.

சூடு கட்டடப் பிரிவின் பொறுப்பு என்று தலைவர் விளக்கினார். பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவனை உட்காரச் சொன்னார்.

"இங்க பாருப்பா. உன் வீட்டம்மா நல்ல சிஸ்டர், எனக்குத் தெரியும். ஆனா நான் ஒரு ரேம் கெட்டுப்போச்சுன்னு கையெழுத்து போட்டேன்னு வை. எந்தத் தேதியிலேருந்து கெட்டதுன்னு கேப்பாங்க. அந்தத் தேதிக்கப்புறம் அந்தத் திரையைப் பாத்து எத்தனை பேருக்கு மருந்து குடுத்தீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கா? இல்ல. பதில் இல்லாத கேள்வியை ஒரு பொறுப்பான நிறுவனம் உண்டாக்கலாமா? ஒரு சிஸ்டர் கண்ணு தப்பாப் பாத்துச்சுன்னா அது ஒரு ஆளோட, ஒரு நாளோட முடிஞ்சுபோகும். எது நோயாளிங்களுக்கு நல்லதுன்னு நீயே சொல்லு."

அவன் எழுந்து, பட்டைகளைத் திருப்பிக் கேட்டான்.

பட்டைகளை வார்டுக்குத் திருப்பித் தருவதற்கு ஐந்து கையெழுத்துகள் தேவைப்பட்டன. அவன் கையில் பட்டைகள் அன்றே கிடைத்துவிட்டன; கையெழுத்துகள் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். வார்டின் தலைமை நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். மெமோ வாங்கியவள் அவர் பழக்கிய பெண். அவர் அவனைப் பார்த்து, "ரீஸ்டார்ட், ஆபீஸ் கணக்குல இந்த மிஷின் இன்னும் மூணு நாளைக்கு இங்க இல்ல. இல்லாத மிஷினை யாரும் கேக்க மாட்டாங்க. நாங்க கையால எழுதி மருந்து குடுத்துக்கறோம்" என்று ஆவிப் பெட்டியின் பொத்தானைத் தானே அழுத்திவிட்டுப் போனார்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு ஒரு பட்டையை மட்டும் பொருத்தி நிரலை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினான். ஐந்து மணிக்கு முடிந்தது. சுத்தம். இரண்டாம் நாள் மற்றப் பட்டை. மூன்றேகால் மணிக்குத் திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று, அதே அறை, அதே எட்டு. பட்டையைச் செருகும் குழி கெட்டதா பட்டை கெட்டதா என்ற சந்தேகம் இருக்கக் கூடாதென்று மூன்றாம் நாள் அதை அடுத்த குழியில் மாற்றிச் செருகினான். சிவப்புக் கோடு பட்டையோடு கூடவே வந்தது. அந்தப் பட்டையின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். திரையைப் படம் எடுத்தான்.

துணி மடிக்கும் அறைக்கு ஓடிப்போய்ப் படத்தைக் காட்டினான். அவள் ஒரு போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேங்க" என்றாள்.

படத்தைக் குழு பரிசீலித்து இரண்டு பக்கத்தில் பதில் தந்தது. படத்திலுள்ள தேதியில், ஆவணங்களின்படி, மேற்படி பட்டைகள் குழுவின் இரும்பு அலமாரியில் இருந்தன. அலமாரிக்குள் இருக்கும் பட்டை பிழை காட்ட இயலாது. எனவே படத்திலுள்ள பிழை வேறு ஏதோ பட்டையுடையது. அந்தப் பட்டையைப் பற்றிப் புகார் வந்தால் தனியாக விசாரிக்கப்படும். கையெழுத்துகள் வந்ததும் இரண்டு பட்டைகளையும் மறுபடி வார்டுக் கணினியில் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

இதற்கிடையில் சிஸ்டரின் கண்ணைக் கண் பிரிவில் சோதித்தார்கள். பார்வை குறையில்லாமல் இருந்தது. குறையில்லாத கண் தவறாகப் படித்திருப்பதால் அது கவனக்குறைவுதான் என்று விசாரணைக் கோப்பில் எழுதப்பட்டது.

அன்று மாலையே தலைவர் கணவன் மனைவி இருவரையும் அழைத்து ஒரு வழி சொன்னார். களைப்பினால் நான்கைப் பன்னிரண்டு என்று படித்துவிட்டேன் என அவள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைக்கும், அந்த வரி பணிப்பதிவேட்டில் இருக்கும், அவ்வளவுதான். பதிலுக்கு, நல்லெண்ண அடிப்படையில், மூன்றாம் வார்டு ரேமைக் குழு மாற்றிக் கொடுக்கும்.

"எழுதித் தரலன்னா?" என்று அவள் கேட்டாள்.

"எழுதித் தரலன்னா அது நல்ல ரேம்தானேம்மா. நல்லதை எதுக்கு மாத்தணும்?"

வீட்டில் மாமியார் கேட்டதும் கொதித்துப் போனாள். செய்யாத தப்பை எழுதிக் கொடுப்பாளா என் மருமகள், நான் வந்து கேட்கிறேன் அந்தத் தோல் டாக்டரை என்று செருப்பைத் தேடினாள். அவனும் எழுதாதே என்றுதான் சொன்னான். மேலிடத்துக்கு மனு போடலாம், ஆறு மாதத்தில் பதில் வரும் என்றான்.

"ஆறு மாசம் தினமும் மூணு மணி வரும்ல?" என்றாள் அவள். "இப்ப அங்க இருக்கிற பொண்ணு புதுசு. திரையில என்ன இருக்கோ அதைத்தான் குடுக்கும். அதுக்கு நான் என்ன சொல்றது, என் பேரு கெட்டுப்போகும், கொஞ்சம் பொறுத்துக்கன்னா?"

மறுநாள் காலை எழுதிக் கொடுத்தாள். களைப்பு என்ற சொல்லில் மட்டும் பேனா சற்று நின்றது. தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

ரேமை அன்றே மாற்றினார்கள். அவனே கழற்றினான். புள்ளி வைத்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர் கீப்பர் பேரேட்டைத் திறந்து, இரண்டு பத்தியில் எதில் எழுதுவது என்று பார்த்தார்.

"பழுதுன்னு எழுத முடியாது தம்பி. உங்க வீட்டம்மாவே மிஷின் மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்களே. குழுவும் தொண்ணூத்தொம்பதுன்னு குடுத்திருக்கு. நல்ல நிலையில் உள்ள உபரின்னுதான் போடணும்." பக்கத்தைத் திருப்பினார். "உபரி இருந்தா முதல்ல கேட்டவங்களுக்குக் குடுக்கணும். பச்சைக் குழந்தைங்க வார்டுல கேட்டிருக்காங்க. ஸ்லோவா இருக்காம்."

பச்சைக் குழந்தைகளுக்கு மருந்து எட்டு மில்லிக்கு மேல் எழுதுவதே இல்லை. ஒன்று, ஒன்றரை, இரண்டு. அவனுக்கு அந்த எண்கள் எல்லாம் தெரியும். அந்த வார்டின் கணினியையும் அவன்தான் பார்க்கிறான்.

"இங்க ஒரு கையெழுத்து" என்று ஸ்டோர் கீப்பர் பேனாவை நீட்டினார்.

அவன் பேனாவை வாங்கி மேசையில் வைத்தான். பட்டையை இரண்டு கையாலும் பிடித்தான். அது நினைத்ததைவிட விறைப்பாக இருந்தது. மேசை விளிம்பில் வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினான். முறுக்கு உடைவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. இரண்டு துண்டுகளையும் பேரேட்டின் மேல், இரண்டு பத்திக்கும் நடுவில் வைத்தான்.

ஸ்டோர் கீப்பர் வெகு நேரம் அவற்றைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார், ஏறக்குறைய அன்பாக. பிறகு விதிப்படி குழுவுக்குப் போன் செய்தார்.

குழு அவசரமாகக் கூடியது. நிரல் எதுவும் ஓட்டவில்லை. துண்டுகளைத் தட்டில் வைத்துச் சுற்றி அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்கள். பத்தே நிமிடத்தில், மருத்துவமனை வரலாற்றில் முதன்முறையாக, ஒரு ரேம் பழுது என்று சான்றளிக்கப்பட்டது. பழுதான தேதி: இன்று. நேரம்: காலை பதினொன்று இருபது. காரணம்: தொழில்நுட்ப ஊழியரின் கை. அதற்கு முந்தைய நிமிடம்வரை அது முழு நலத்துடன் இயங்கியது என்று தலைவர் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். சுவரிலிருந்து கேடயத்தை இறக்கும்போது அவர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

அவனுக்கு வந்த மெமோவில் ஒரே ஒரு குற்றச்சாட்டுதான். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் இருந்தது.

"வீட்டுக்கு ஒண்ணுன்னு இருந்துச்சு, இப்ப ஆளுக்கு ஒண்ணாச்சு. என்னை மட்டும் ஏன் விட்டாங்க?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

சிஸ்டர் சீருடை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அவனுடைய மெமோவைப் படித்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"இதை முதல் நாளே செஞ்சிருக்கலாமேங்க. நானும் அந்த வரியை எழுதியிருக்க வேண்டாம்."

"ரெண்டுல எதுன்னு தெரியாம எதை உடைக்கிறது?"

அவள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது.

"அது எப்பலேருந்து கெட்டிருக்கும்?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"யாராலயும் சொல்ல முடியாது."

"அந்த மிஷின் வந்து பதினோரு மாசம்" என்றாள். "மத்தியான டூட்டி பாதி நாள் எனக்குத்தான். மாஸ்டருக்குக் காலையில நானே நாலு குடுத்திருந்தேன், அதனால நின்னேன். காலையில நான் இல்லாத நாள்ல, திரையைப் பாத்துட்டு அப்படியே..." முடிக்காமல் தன் வலது கையைப் பார்த்தாள்.

உன் தப்பில்லை என்று அவன் சொல்லலாம்தான். அவளுடைய தப்பு என்று எழுதிய தாள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இல்லை என்று எழுதிய தாள் எங்கும் இல்லை.

அவள் எழுந்து போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் படுக்கை எண் ஒன்று என்று எழுதி, கண்ணை மூடி யோசித்து, ஒரு நோயாளியின் ஊரையும் அவருக்கு என்ன நோய் என்பதையும் எழுதினாள். பெயர் ஞாபகம் வரவில்லை. மகள் கூடவே இருந்தாள் என்று எழுதினாள். அவர் வீட்டுக்குப் போனாரா என்ற இடத்தில் பேனா நின்றது.

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் எழுத வேண்டாம்" என்றான். "மத்தியானம் குடுத்தது மட்டும். அதுலயும் எட்டுலேருந்து பதினஞ்சு மில்லிக்குள்ள குடுத்தது மட்டும் போதும். எட்டு கூடினா அந்த எண்களாத்தான் ஆகும், மத்ததுல அது கை வச்சிருக்காது."

அவள் தலையசைத்து, முதலில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இரண்டாம் படுக்கை, ஐந்தாம் படுக்கை, ஜன்னலோரம் படுத்திருந்த தையல்காரர். பக்கம் நிறைந்தது. அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தான்.